ரயில் நின்ற பிறகு நிலம் யாருக்கு?

பக்கத்து வயல்காரர் வண்டி ஓட்டிப் போக நம்ம வயலில் ஒரு பாதை விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விட்டது வழிதான், மண்ணை விற்கவில்லை. வண்டி போவது அடியோடு நின்றுவிட்டால் அந்த இடம் யாருக்கு? நமக்குத்தானே? இதே கேள்வி அமெரிக்காவில் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

அங்கே ரயில் கம்பெனிகள் சில இடங்களில் நிலத்தைக் கிரயமாகவே வாங்கின. பல இடங்களில் ரயில் ஓட்ட வழிநடைப் பாத்தியம் மட்டும் பெற்றன. பிற்பாடு லாரியும் காரும் பெருகவே, பல பாதைகளில் ரயில் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

1983-ல் அங்கே ஒரு சட்டத் திருத்தம் வந்தது. ரயில் நின்ற தடத்தில் பொதுமக்கள் நடக்கலாம், சைக்கிள் விடலாம். பின்னால் தேவைப்பட்டால் மறுபடி ரயில் விடலாம். அதுவரை ரயில்வேயின் உரிமை முடிந்ததாக ஆகாது. தடம் துண்டு துண்டாகப் போகாமல் காக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலம் திரும்பும் என்று காத்திருந்தவர் கதி என்ன?

வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். ஏரிக்கரையில் ஒரு தம்பதியின் நிலம். 1975-ல் தண்டவாளம் எடுத்தாயிற்று. பிறகு அந்த இடம் சைக்கிள் பாதையானது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். சட்டம் செல்லும், ஆனால் நஷ்டஈடு கேட்க வழியுண்டு என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 1996-ல் அப்பீல் கோர்ட்டு பழைய ஆதாரங்களைப் புரட்டிப் பார்த்தது. ரயில்வே 1899-ல் பெற்றது வழிநடைப் பாத்தியமே. ரயிலுக்கு விட்ட வழி சைக்கிள் பாதைக்குச் செல்லாது. ஆகவே மத்திய சர்க்கார் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. நிலத்தைக் கிரயமாக எழுதிக் கொடுத்திருந்தால் நஷ்டஈடு கிடையாது. பாத்தியம் மட்டும் என்றால் உண்டு. பாதை இல்லாவிட்டால் நிலம் என்ன விலை போகும், பாதையோடு என்ன விலை போகும் என்று பார்த்து, வித்தியாசத்தைத் தருவார்கள். மூன்றாவது, கெடு 6 வருஷம். பாதை போட்டு முடிந்த நாளிலிருந்து அல்ல, முதல் உத்தரவு பிறந்த நாளிலிருந்தே எண்ணுவார்கள். அசந்திருந்தால் உரிமை போய்விடும்.

நூறு வருஷத்துக்கு முன் எழுதிய ஒரு வரி பேரன் காலத்தில் பணமாகிறது பார்த்தீர்களா? ஆகவே யாருக்கு வழி விட்டாலும் எதற்காக, எதுவரை என்று எழுத்தில் போடுங்கள். பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.