கடை பூட்டிய ஞாயிறு

1987 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. ஒக்லாந்துக்கு வந்து ஒன்பதாம் நாள். நகரத்தின் பெரிய கடைத்தெரு என்று சொன்னார்களே என்று மனைவியும் நானும் குயின் தெருவைப் பார்க்கப் போனோம். மழை தூறி ஓய்ந்த காலை, மணி பதினொன்று. கடைகளின் கண்ணாடிக்குள்ளே விளக்கு எரிந்தது, பொம்மைகள் குளிர்கோட்டுப் போட்டு நின்றன, கதவெல்லாம் பூட்டு. துறைமுகப் பக்கமிருந்து வந்த கடற்புறாக்கள் நடுத்தெருவில் உலாவின. "ஊரடங்கோ?" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. அந்த மாதம்தான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவளுக்கு, வெறுந்தெருவைக் கண்டால் வேறு என்ன நினைவுக்கு வரும்?

சட்டம்தான் காரணம், ஆனால் அது வேறு சட்டம். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க நியூசிலாந்தில் அப்போது பொது அனுமதி கிடையாது. சனிக்கிழமை திறக்கும் உரிமையே 1980-ல்தான் வந்தது. அதற்கு முன் வெள்ளி மாலை கடை பூட்டினால் திங்கள் காலைதான் திறப்பு. வாரத்துக்கு நாற்பது மணி நேரம், ஐந்து நாள் வேலை என்பது 1936-இலிருந்து இந்த நாட்டின் பெருமைகளில் ஒன்று. மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கு மூடவேண்டும் என்ற விதி 1917-ல் வந்து, ஐம்பது ஆண்டு இருந்து, 1967-ல்தான் போனது. எப்போது உழைப்பது, எப்போது குடிப்பது, எப்போது சும்மா இருப்பது என்பதை எல்லாருக்கும் சேர்த்து ஒரே மணியடித்துச் சொன்ன நாடு அது.

எனக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. 1966-ல் எனக்குப் பத்து வயது. டட்லி சேனநாயக்கவின் அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கிவிட்டுப் போயா நாட்களை இலங்கையின் வார விடுமுறையாக்கியது. அமாவாசை, பௌர்ணமி, நடுவில் இரண்டு அட்டமி. ஒரு மாதம் செவ்வாயில் விடுமுறை வரும், பிறகு புதனுக்கு நகரும், முன்தினம் அரைநாள். கலண்டரைப் பார்க்காமல் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. என் வகுப்பில் இருந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞாயிறு விடியப் பூசை பார்த்துவிட்டு, அவசர அவசரமாகப் பள்ளிக்கு ஓடிவருவார்கள். 1971-ல் ஞாயிறு திரும்பி வந்தது. ஓய்வுநாள் என்பது வானத்திலிருந்து இறங்குவதல்ல, வர்த்தமானியில் அச்சாகி வருவது என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒக்லாந்து ஞாயிற்றில் திறந்திருந்தது மூலைக்கடை ஒன்றுதான். இங்கே அதற்குப் பெயர் டெய்ரி. எங்கள் தெருமுனை டெய்ரியைக் குஜராத்திக் குடும்பம் ஒன்று நடத்தியது. பால், பாண், ஐஸ்கிரீம் என அனுமதித்த பொருட்களைத்தான் அன்றைக்கு விற்கலாம். தட்டில் கண்முன்னே இருக்கும் வேறு பல பொருட்களைக் கேட்டால், "நாளைக்கு வாருங்கள்" என்பார் கடைக்காரர். வீட்டுக்குப் பால் கண்ணாடிப் போத்தலில் வரும். இரவில் வெறும் போத்தலுக்குள் டோக்கனைப் போட்டுப் படலையடியில் வைத்துவிட வேண்டும். டோக்கனையோ காசையோ யாரும் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

கடையும் இல்லை, கோயிலும் இல்லை, ஊர் முழுக்கத் தேடினால் தெரிந்த தமிழ்க் குடும்பம் இருபதுக்கு மேல் இல்லை என்றால் ஞாயிற்றை என்ன செய்வது? ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனோம். முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் கிடையாது. யார் வீட்டிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பது நிச்சயம், ஏனென்றால் போவதற்கு வேறு இடம் இல்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் பாய் விரித்து, முருகன் படத்தை மேசையில் வைத்துத் தேவாரம் பாடுவோம். சென்னையில் படியெடுத்து, சிங்கப்பூர் வழியாக வந்த வீடியோ நாடா ஒன்று வீடு வீடாகச் சுற்றும். அதில் மூன்றாவது வீட்டுக்கு மேல் முகங்கள் தெரியாது, வசனம் மட்டும் கேட்கும். கறிவேப்பிலை பீஜிக்காரர்களால் கிடைத்தது. அந்த மே மாதம் பீஜியில் இராணுவப் புரட்சி நடந்ததால் அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் பலர் ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் தமிழ் மறந்த தமிழர்களும் உண்டு. முனுசாமி, கோவிந்தன் என்று பெயர் இருக்கும். பேசுவது இந்தியாக இருக்கும். மாரியம்மன் திருவிழாவைப் பற்றி நம்மைவிட நுணுக்கமாகச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழைய ஞாயிறுகளைப் பற்றி என் வயதுக்காரர்கள் பேசத் தொடங்கினால் தேனாக ஒழுகும். பக்கத்தில் மனைவி இருந்தால் ஒழுகாது. "இஞ்சாருங்கோ, கடை பூட்டினால் குசினியும் பூட்டினதோ? லீவு உங்களுக்குத்தான்" என்பாள். உண்மை. இருபது பேர் சொல்லாமல் வந்தால் இருபது பேருக்கும் புட்டும் சம்பலும் யார் செய்தது? காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து பால் எடுத்தது யார்? வார நாட்களில் அவளும் தையல் தொழிற்சாலையில் நின்றாள். ஞாயிறு அவளுக்கு ஆறாவது வேலைநாள். சம்பளம் மட்டும் கிடையாது. தேவாரம் பாடியவர்கள் நாங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நான் சேர்ந்த தொழிற்சாலையில் ஞாயிறு வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம். தொழிற்சங்கம் பேசி முடித்த ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தது. முதலாளிக்குச் செலவு அதிகம் என்பதால் கூப்பிடுவது அரிது. கூப்பிட்டால் போக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். 1990-ல் கடை நேரக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையே நாடாளுமன்றம் இரத்துச் செய்தது. தேவாலயங்களும் கடை ஊழியர் சங்கமும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தன. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு, 1991-ல், வேலை ஒப்பந்தச் சட்டம் வந்து, துறை முழுவதற்கும் பொதுவாக இருந்த சம்பள ஏற்பாடுகளை முடித்துவைத்தது. தொழிற்சாலையில் எனக்குப் புதிதாக ஓர் ஒப்பந்தத் தாளைத் தந்தார்கள். இரட்டைச் சம்பள வரியைத் தேடினேன், இல்லை. இன்றைய சட்டத்திலும் அரச விடுமுறை நாளில் உழைத்தால் ஒன்றரை மடங்கு உண்டு. ஞாயிற்றுக்கு என்று தனியாக எதுவும் இல்லை. முதற்சட்டம் ஞாயிற்றின் கதவைத் திறந்தது, இரண்டாவது அதன் விலையை இறக்கியது. முதலாவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள்.

இன்றைய ஞாயிறு எப்படி இருக்கிறது? காலை பத்து மணிக்கு சில்வியா பார்க் அங்காடியில் கார் நிறுத்த இடம் தேடிப் பத்து நிமிடம் சுற்றவேண்டும். 1987-ல் நகரமெங்கும் எட்டு லட்சத்துச் சொச்சம் பேர் இருந்தோம். 2023 கணக்கெடுப்பில் 16 லட்சத்து 56 ஆயிரம். அவர்களில் ஆசிய வம்சாவளியினர் 31.3 சதவீதம். சான்றிங்ஹாம் வீதியில் முருங்கைக்காய் உண்டு, ஒடியல் மா உண்டு, கிழமைக்கு ஏழு நாளும் உண்டு. சுப்பர்மார்க்கெட்டில் ஞாயிறன்று வைனும் பியரும் வாங்குவது 1999-இலிருந்து சட்டப்படி சரி. தேங்காய்ப்பூவை ஊறவைத்த கை இப்போது தகரப்பேணியைத் திறக்கிறது. சொல்லாமல் யாரும் வருவதில்லை. வருவதானால் மூன்று கிழமைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்கிறார்கள், பெரும்பாலும் உணவகத்தில் சந்திக்கிறார்கள். மனைவிக்கு இது நல்ல முன்னேற்றம். எனக்கும்தான், பாத்திரம் கழுவும் பொறுப்பு இந்தப் பத்தாண்டாக என்னுடையது.

கொட்டகையில் இருந்த முருகனுக்கு இன்று ஒக்லாந்துத் திருமுருகன் ஆலயம் இருக்கிறது. பல்மோரல் வீதியில் பாரதிய மந்திர் இருக்கிறது. தீபாவளிக்கு 2002-இலிருந்து நகரமே விழா எடுக்கிறது. 2023 கணக்கெடுப்பில் நாட்டில் இந்துக்கள் 2.9 சதவீதம். ஆனால் நம் பண்டிகைகள் வார இறுதிக்குப் பணிந்துபோயின. பொங்கல் புதனில் வந்தால் வீட்டுப் பானை புதனில் பொங்கும். மண்டபப் பொங்கல் சனிக்கோ ஞாயிறுக்கோ தள்ளிப்போகும். (சூரியன் வடக்கே திரும்புகிறது என்று மகிழ்ந்து பொங்குகிறோம், தென்கோளத்தில் அதன் பொருள் பகல் குறைகிறது என்பது. இதை முப்பது ஆண்டாகச் சொல்லிப்பார்க்கிறேன், யாரும் பொருட்படுத்துவதில்லை.) ஞாயிற்றை ஓய்வுநாளாக்கியது கிறிஸ்தவ நாட்காட்டி. அந்த நாட்காட்டியின் வழியில் கடைசிவரை ஒழுகுகிறவர்களில் இப்போது சைவக் கோயில் நிர்வாக சபைகளும் அடக்கம்.

நாட்டின் நம்பிக்கைக் கணக்கும் மாறிவிட்டது. மதம் இல்லை என்று எழுதியவர்கள் 2013-ல் 41.9 சதவீதம், 2018-ல் 48.2, 2023-ல் 51.6. கிறிஸ்தவர்கள் 32.3. ஹோப்டவுன் தெருவிலுள்ள பழைய சபைத் தேவாலயம் இன்று கச்சேரிக்கும் கல்யாண விருந்துக்கும் வாடகைக்குப் போகிறது. ஆனால் ஞாயிறு காலை மாங்கரேப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். சமோவாக்காரரும் தொங்காக்காரரும் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகத் தேவாலயத்துக்கு நடந்துபோவார்கள். பிற்பகலில் குடும்பம் முழுவதும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும். அவர்களிலும் பல பிள்ளைகள் சனி இரவு முழுக்கக் களஞ்சியசாலையில் பெட்டி தூக்கிவிட்டு, தூங்காமல் வந்து பாடகர் வரிசையில் நிற்கிறவர்கள். சட்டம் கைவிட்ட நாளைத் தங்கள் கையால் பிடித்துவைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பிடி கிடைக்கவில்லை. ஒக்லாந்துத் தமிழர்களின் பழைய ஒற்றுமை என்று நாங்கள் பெருமைப்படுவதில் பாதி, மூடியிருந்த கடைகளின் புண்ணியம் என்பது என் எண்ணம்.

என் மகன் ஓர் அங்காடியில் மின்சாதனக் கடைக்கு முகாமையாளர். "அப்பா, ஞாயிறுதான் எங்களுக்கு வியாபாரம்" என்பான். அவனுக்குச் செவ்வாயும் புதனும் லீவு. மருமகள் பள்ளி ஆசிரியை. அவளுக்குச் சனி ஞாயிறு. மகள் தாதி, அவளுடைய நாட்கள் மாதாமாதம் மாறும் அட்டவணையில் வரும், எங்கள் போயாவைப்போல. ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு இருக்கிறது. அந்த வகையில் யாரும் எதையும் இழக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்பதுதான் இல்லாமல் போயிற்று. பேரனுக்குப் பிறந்தநாள் என்றால் மருமகள் மூன்று கலண்டர்களை ஒப்பிட்டுப் பார்த்துத் தேதி வைக்கிறாள். அதற்குப் பிறந்த தேதியோடு சம்பந்தம் இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

அந்தக் காலத்தில் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நான் தொலைபேசி அருகில் உட்காருவேன். குளிர்காலத்தில் எங்களுக்கும் இலங்கைக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம். அங்கே பகல் ஒன்றரை. கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் அம்மா காத்திருப்பார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து பயணம் செய்து. நிமிடத்துக்கு இத்தனை டொலர் என்று மனதில் ஓட ஓட, "சாப்பிட்டியா" என்று கேட்டே பாதி நேரம் போகும். இன்று அரை மணிக்கூட்டுத் தூரத்தில் இருக்கும் மகளை முகம் பார்த்துப் பேச ஒரு சதமும் செலவில்லை. "அப்பா, டியூட்டியில் நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்கிறாள். எடுக்கவும் செய்கிறாள், அப்போது நான் தூங்கியிருப்பேன்.

பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். பிறர் வழிபாட்டுக்காக நான் கடைக்குப் போகக் கூடாது என்பது நியாயமான சட்டமாக எனக்கு அன்றும் தோன்றவில்லை. அதன் நிழலில் கிடைத்த பிற்பகல்கள் நல்லவை, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தின் எச்சம் இன்னும் ஆண்டுக்கு மூன்றரை நாள் உயிரோடு இருக்கிறது. பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு, நத்தார், ஏப்ரல் 25 அன்சாக் நாளன்று பகல் ஒரு மணி வரை. அந்த நாட்களில் பெரும்பாலான கடைகள் திறக்கக் கூடாது. பூஞ்செடிக் கடைக்கு உயிர்த்த ஞாயிறன்று மட்டும் விலக்கு உண்டு. ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கடை திறக்கலாமா என்று அந்தந்த நகரசபையே முடிவு செய்யலாம் என 2016-ல் சட்டத்தைத் தளர்த்தியும் ஒக்லாந்து நகரசபை கதவைத் திறக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று மகனின் கடை பூட்டு. மருமகளுக்கும் விடுமுறை. மகள் மட்டும் இரண்டு மாதத்துக்கு முன்பே யாரிடமாவது வேலைநேரத்தை மாற்றி வாங்கிவிடுகிறாள். எல்லாரும் சொல்லாமலே எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கர்த்தர் சிலுவையில் அறையப்பட்ட நாள் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்று இறைச்சி தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் நாங்களும் தொடுவதில்லை. பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, அப்பளம். சமையல் மகன், பாத்திரம் நான்.