பிங் ஏறினால் பழி யார் மேல்?

கேம் நடுவுல தொங்கினா நாம் எல்லோரும் முதலில் சொல்வது "நெட் போச்சு" என்பதுதான். அடுத்த வேலை, 100 எம்பிபிஎஸ் பிளானை 300-ஆக மாற்றுவது. பெரும்பாலும் அந்தக் காசு வீண். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். புதுச்சேரியில் கடலடி கேபிள் எதுவும் கரையேறுவதில்லை. சிங்கப்பூரில் சர்வர் இருக்கிறது என்றால், நம்ம டேட்டா முதலில் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்குப் போய், அங்கிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் கடலுக்கடியில் போகணும். போய்த் திரும்ப 6,700 கிலோமீட்டர். அதாவது 33 மில்லிசெகண்ட். இந்த வழியில் இதற்குக் கீழே பிங் வரவே வராது. இடையில் இருக்கும் ரூட்டர்களின் தாமதமும் சேர்ந்தா 50, 60 என்பது இயல்பு. எம்பிபிஎஸ் என்பது ரோட்டின் அகலம், பிங் என்பது பயண நேரம். ரோட்டை அகலமாக்கினால் சிங்கப்பூர் பக்கத்தில் வந்துவிடாது.

சரி, வழக்கமா 60 காட்டுவது திடீர்னு 250 ஆனால்? சிக்கல் நான்கு இடங்களில் இருக்கலாம்.

ஒன்று, வீடு. கமாண்ட் விண்டோவில் உங்க ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் அடிச்சுப் பாருங்க. 5 மில்லிசெகண்டுக்குள் வரணும். 80, 100 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள்ளேதான். நம்ம ஊர் பழைய பிரெஞ்சுக்காலக் கட்டடங்களில் செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள் தடிமன் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டத் திணறும். ஒரு லேன் கேபிள் போட்டால் தீர்ந்தது. வீட்டில் யாராவது வீடியோ அப்லோட் செய்தாலும் உங்க பாக்கெட் வரிசையில் நிற்கும்.

இரண்டு, சேவை நிறுவனம். ட்ரேஸ்ரூட் ஓட்டினால் டேட்டா போகும் ஒவ்வொரு படியும் தெரியும். இரண்டாம், மூன்றாம் படியில் தொடங்கும் தாமதம் கடைசிப் படிவரை நீடித்தால் கோளாறு அவங்க பக்கம். நடுவில் ஒரு படி மட்டும் பதில் தராமல் விட்டால் கவலைப்பட வேண்டாம். சில ரூட்டர்கள் பதில் சொல்லாது.

மூன்று, கடல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, தங்கள் கடலடி கேபிள் பாதிக்கப்பட்டதாக ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. 2025 செப்டம்பர் 6 அன்று ஜெத்தா அருகே செங்கடல் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் இணையம் மந்தமானது. இந்த மாதிரி நேரத்தில் டேட்டா வேறு வழியில் சுற்றிப் போகும். கேம் ஓடும், ஆனா பிங் ஏறும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மும்பை சர்வர் இருந்தா அதுக்கு மாறிக்கலாம்.

நான்கு, சர்வர். போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டாலும் அதே கதைதான் என்றால் சர்வர் மேல் சந்தேகப்படுங்க. நிறுவனத்தின் நிலவரப் பக்கத்தைப் பாருங்க. 2011 ஏப்ரல் 20-இல் சோனி மூடிய பிளேஸ்டேஷன் நெட்வொர்க் திரும்ப வர 23 நாள் ஆச்சு. காரணம் ஊடுருவல், 7.7 கோடி கணக்குகளின் விவரம் ஆபத்தில் சிக்கியது. ஆகவே கேமுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்காதீங்க. சர்வர் விழுந்த நேரத்தில் "உடனே சரிசெய்ய" என்று வரும் லிங்க்கைத் தொடவே கூடாது.

"நெட் ஸ்லோ" என்று மட்டும் புகார் சொன்னால், "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதே பதிலாக வரும். தேதி, நேரம், ரூட்டர் பிங், ட்ரேஸ்ரூட் படம், இந்த நான்கையும் சேர்த்து அனுப்புங்க. எந்தப் படியில் கோளாறு என்பதை அவங்க மறுக்க முடியாது. பிளானை மாற்றுவதா, நிறுவனத்தையே மாற்றுவதா என்பதை அதுக்கப்புறம் முடிவு செய்யலாம்.