நன்றி சொன்னால் உறவு திரும்பும்



பேச்சு நின்றுபோன உறவுகள் நம் குடும்பங்களில் எத்தனை! பாகப்பிரிவினையில் பிரிந்த அண்ணன் தம்பி, கல்யாண வீட்டில் மரியாதை குறைந்ததென்று வாசல் மிதிக்காத நாத்தனார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், தவறு யாருடையது என்ற வழக்கு முதலில் தீர வேண்டும். அது தீர்வதேயில்லை. பிறகு எங்கிருந்து தொடங்குவது?

புனித பவுல் ஒரு வழி காட்டுகிறார். பிலிப்பி நகரத் திருஅவையில் எவோதியா, சிந்திக்கி என்ற இரு பெண்களிடையே மனத்தாங்கல். சிறையிலிருந்து எழுதும் பவுல், அவர்கள் ஒருமனப்பட வேண்டுகிறார் (பிலி 4:2-3). யார்மேல் குற்றம் என்று ஒரு சொல்கூட இல்லை. நற்செய்திக்காக அவர்கள் தம்மோடு பாடுபட்டதையே நினைவூட்டுகிறார். அதே அதிகாரத்தில், அச்சபை அனுப்பிய உதவியையும் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

சண்டை வந்தால் பழைய நன்மையெல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. நன்றி அதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. "அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவெல்லாம் கண்விழித்தது நீதான் தம்பி, அதை நான் மறக்கவில்லை" என்று சொல்ல, நில வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு நிறுத்த வேண்டும். 'ஆனாலும் நீ...' என்று தொடர்ந்தால் நன்றி புகாராகிவிடும். உடனே பதில் வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம்.

ஒன்றை மறக்கலாகாது. நன்றி மன்னிப்புக்கும் நீதிக்கும் மாற்று அல்ல. பறித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் நன்றி மட்டும் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு. கொடுமையைச் சகித்துக்கொண்டு நன்றி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதும் நற்செய்தி அல்ல.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 13 அன்று தம் மறைக்கல்வி உரையில், குடும்பம் நிலைக்க மூன்று சொற்கள் வேண்டும் என்றார்: தயவுசெய்து, நன்றி, மன்னியுங்கள்.

'நற்கருணை'யைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'யூக்கரிஸ்தியா'வுக்கு நன்றி செலுத்துதல் என்றே பொருள். பீடத்தின்முன் கடவுளுக்கு நன்றி செலுத்தும் நாம், மனத்தாங்கல் கொண்ட சகோதரரை மறந்துவிட்டு வர முடியாது என்கிறார் ஆண்டவர் (மத் 5:23-24). அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன், நீங்கள் பேசாதிருக்கும் ஒருவர் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையை நினைத்துப் பாருங்கள். அதை அவரிடமே சொல்லுங்கள். அதற்கான துணிவை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.