வீதியும் தறியின் ஒரு பாகம்தான்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஓரமாகத்தான் போவார்கள். நடுத்தெருவில் பாவு விரித்திருக்கும். மூன்று சேலைக்கு வேண்டிய பட்டு இழை, ஏறக்குறைய 60 அடி நீளம். இரு முனையிலும் இழுத்துக் கட்டிக் கஞ்சி கொடுத்து, அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அத்தனை நீளத்துக்கு எந்த நெசவாளர் வீட்டில் கூடம் இருக்கிறது? தெருதான் அவர்களுடைய கூடம்.

அந்தத் தெருவில் ஒரு நாள் பொக்லைன் வந்து நிற்கிறது. பாதாள சாக்கடைக்கு, குடிநீர்க் குழாய்க்கு, மழைநீர் வடிகாலுக்கு என்று ஏதோ ஒரு வேலை. வேலை வேண்டாம் என்று சொல்கிற நெசவாளரை நான் பார்த்ததில்லை. மஞ்சள் நீர் கால்வாய் அடைத்துக்கொண்டு மழைநீர் வீட்டுக்குள் வந்த அனுபவம் உள்ளவர்கள் வடிகால் கேட்டு முதல் ஆளாக நிற்பார்கள். 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊருக்கு இந்த வசதிகள் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். என் கேள்வியெல்லாம், தோண்டுகிறவர்களுக்கு அது ஒரு தொழிற்கூடத்தின் தரை என்று தெரியுமா என்பதுதான்.

தோண்டிப் போட்ட மண் முதலில் போய்ச் சேருவது ஈரப் பாவில்தான். கஞ்சி காயாத பட்டில் விழுந்த தூசு தட்டினால் போகாது, இழையோடு சேர்ந்து காய்ந்துவிடும். அந்தப் பாவு தறியில் ஏறி அச்சுப் பல்லுக்குள் நுழையும்போது, மணல் துகள் பட்ட இடத்தில் இழை தேய்ந்து அறும். அறுந்ததை முடிய, குறுக்கிழை ஓட்டும் நாடாவை நிறுத்த வேண்டும். சந்தன நிறம், வெண்பட்டு மாதிரி வெளிர் நிறம் என்றால் கறை தனிக் கவலை. ஜன்னலைச் சாத்தினால் தூசு குறையும், ஆனால் வெளிச்சமும் காற்றும் போய்விடும். இழைக்கு இழை நிறம் பார்த்து நெய்கிறவருக்கு வெளிச்சம் இல்லாமல் எப்படி வேலை ஓடும்?

கோர்வைச் சேலை என்றால் இழப்பு இரட்டிப்பு. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரைக்கு நாடா போட உதவியாள் உட்கார்ந்தாக வேண்டும், பல வீடுகளில் அது மனைவிதான். தறி நின்றால் இரண்டு பேர் கூலி நிற்கிறது. அதுவும் நாள் கூலி இல்லை. சேலையை முடித்துக் கொடுத்தால்தான் பணம். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு 10 நாளும் ஆகும், 20 நாளும் ஆகும். தெருவைத் தோண்டிய நாட்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த அக்கறை, அந்தப் பட்டு உருவாகும் தெருவரை வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பள்ளத்தை மூடிய பிறகு வருவது அதைவிட நீண்டகாலத் தொல்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டினால், ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து வீடு தாழ்கிறது. வேறு ஊரில் அது வாசற்படி பிரச்சினை. இங்கே பல தறிகள் குழித்தறிகள். நெய்கிறவர் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார். தெருத் தண்ணீர் வாசலைத் தாண்டினால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். தண்ணீரை இறைத்தாலும் மண் காயும்வரை தறியில் உட்கார முடியாது. ஈரம் ஏறிய பாவும் சரியாக ஓடாது. சாலையைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். நெசவுத் தெருக்களில் அது எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும்.

நாள் பார்த்து வேலை செய்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. வைகாசியில் வரதர் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம், மாசியில் காமாட்சியம்மன் பிரம்மோற்சவம். தேர் வரப்போகிறதென்றால் ராஜ வீதிகளில் பள்ளம் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேருக்குச் செய்வதைப் பாவுக்கும் செய்யலாம். தெரு முழுவதையும் ஒரே மூச்சில் கிளறாமல் பாதிப் பாதியாகத் தோண்டி, பாவு விரிக்க ஒரு நீளத்தை விட்டுவைக்கலாம். தோண்டிய மண்ணை அன்றன்றே அள்ளலாம். அள்ள முடியாத மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துத் தார்ப்பாய் போடலாம். காலை எட்டு மணிவரை இயந்திரம் ஓடாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும். பிரான்சில் டிராம் பாதை போட்ட பல நகரங்களில், வேலையால் வியாபாரம் இழந்த கடைக்காரர்களின் கணக்கைப் பார்த்து இழப்பீடு தரத் தனிக் குழுவே அமைத்தார்கள். ஒப்பந்த மதிப்பீட்டில் நெசவாளர் கூலிக்கென்று ஒரு சிறு தொகை சேர்ப்பது நம்மால் முடியாத காரியமா?

எந்தத் தெருவில் எத்தனை தறி ஓடுகிறது என்பதும் தெரியாத ரகசியமில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் உறுப்பினருக்குக் கொடுக்கின்றன, பதிவேடு இருக்கிறது. டெண்டர் விடுவதற்கு முன் மாநகராட்சி அதைக் கேட்டு வாங்கலாம். தனியாரிடம் கூலிக்கு நெய்கிறவர்கள் அந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள். அவர்களுக்காக வார்டு உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும், அதுவும் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால்.