பலூனும் கொஞ்சம் செல்லோடேப்பும்

என்னோடு பி.காம். படித்தவன், சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். வயது முப்பத்தெட்டு. பெயர் வேண்டாம். சொன்னால் அடுத்த வாரம் எழுத நான் இருக்க மாட்டேன்.

ஒன்றரை வருஷம் முன்னால், ஒரு ஜூன் மாத சனிக்கிழமை. டீக்கடையில் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "மாப்ளே, ஒரு விஷயம்... சிரிக்கக் கூடாது" என்றான். இருபது வருஷப் பழக்கத்தில், அவன் இப்படி ஆரம்பித்தால் கைமாற்று என்று அர்த்தம். பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "சொல்லு" என்றேன்.

சொன்னான். கடன் சமாசாரம் இல்லை.

நாலு மாசமாக, விறைப்பு வரும்போது ஆணுறுப்பு மேல்பக்கமாக வளைகிறதாம். வலிக்கிறதாம். தோலுக்கு அடியில் சுண்டைக்காய் மாதிரி ஏதோ கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படுகிறதாம்.

"கேன்சரா இருக்குமோடா?" என்றான். குரல் உடைந்துவிட்டது. இரண்டு பேர் டீயும் ஆறிப் போனது.

"வீட்ல சொன்னியா?"

"எப்படிடா சொல்றது?"

சொல்லவில்லை. பதிலாக, பிப்ரவரியில் ஆரம்பித்து தினமும் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறான். கேட்டால் 'வருஷக் கடைசிக் கணக்கு'. அந்தம்மாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "என்னங்க, மார்ச் முடிஞ்சு ஜூனே வந்தாச்சு. உங்க ஆபீஸ்ல மட்டும் இன்னுமா வருஷக் கடைசி?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த வாரம், விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் இன்னொரு கேள்வி: "உண்மையைச் சொல்லுங்க. வேற யாராவது இருக்காங்களா?"

கணக்கு டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடுவது எங்கள் தொழில் வழக்கம். இந்த ஆசாமி பெண்டாட்டியையே சஸ்பென்ஸில் போட்டு வைத்திருந்தான்.

ரூம் நம்பர் 14

நாலு மாசத்தில் அவன் செய்துகொண்ட ஒரே வைத்தியம், ஒரு லாட்ஜ் வைத்தியரிடம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்திருப்பீர்களே... மாசா மாசம் இன்ன தேதியில் இன்ன ஊர், இன்ன லாட்ஜ் என்று ரயில்வே டைம்டேபிள் மாதிரி போட்டிருக்கும். அந்த ரகம்.

வைத்தியர் உறுப்பைப் பார்க்கவே இல்லையாம். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இளமையில் செய்த தவறு!" என்றாராம். நண்பன் ஆடிப் போய்விட்டான். ஆடாமல் என்ன? அந்தத் 'தவறை'ச் செய்யாத ஆண் பிள்ளை யார்? யாரிடம் சொன்னாலும் பலிக்கும் ஜோசியம் அது! சுய இன்பத்தால் நரம்பு வளையும், வீரியம் வற்றும் என்பதெல்லாம் இந்த ரூம் நம்பர்களில் மட்டுமே வாழும் மருத்துவம்.

நாற்பத்தெட்டு நாள் லேகியம். பதினெட்டாயிரம் ரூபாய். கிடைத்தது வயிற்றுப்போக்கு. ரசீது கேட்டானாம். அக்கவுன்டன்ட் இல்லையா, தரவில்லை.

"நாளைக்கே யூராலஜிஸ்ட்டைப் பார்க்கிறோம்" என்றேன். "நீயும் வர்றியா?" என்றான், ஸ்கூலுக்குப் போகிற பையன் மாதிரி. போனேன்.

கைரேகை பார்த்த டாக்டர்

டாக்டர் அறுபது வயதுக்காரர். நண்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதையெல்லாம் கேட்டார். பரிசோதித்தார். பிறகு, "கையை நீட்டுங்க" என்றார். உள்ளங்கையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

'சரிதான், இவர் கைரேகை ஜோசியரா?' என்று நினைத்தேன். அப்படியில்லை. உள்ளங்கையில் கயிறு திரித்தாற்போல் தடித்து விரல்களை மடக்கிவிடுகிற ஒரு கோளாறு உண்டு. அது உள்ளவர்களில் சிலருக்கு இதுவும் வருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து வியாதிகள். நண்பனின் கை சுத்தம். அடுத்து ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். அங்கேதான் மாட்டினான். வெறும் வயிற்றில் 168. சர்க்கரைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. விறைப்பு குறைவதற்கோ அது நேரடிக் காரணமாகவே ஆகலாம்.

"உங்களுக்கு வந்திருக்கிறது பெய்ரோனி நோய். கேன்சர் இல்லை. தொற்றும் இல்லை. பெண்டாட்டிக்கு ஒட்டாது. பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

நண்பன் விட்ட பெருமூச்சில் மேஜை மேல் இருந்த பிரிஸ்கிரிப்ஷன் பறந்தது.

பெய்ரோனி என்பது மனுஷர் பெயர். பிரான்ஸின் பதினைந்தாம் லூயி மன்னருக்கு அறுவை வைத்தியராக இருந்தவர். 1743இல் இந்த நோயை விவரித்து எழுதினார். அதற்கு முன்பே இத்தாலிய வைத்தியர்கள் குறிப்பிட்டிருந்தாலும், பெயர் இவருக்குப் போய்விட்டது. மருந்தாக அவர் சிபாரிசு செய்தது ஓர் ஊற்றுத் தண்ணீர்! லேகியத்துக்கு அது தேவலை, வயிற்றுக்காவது நல்லது.

நோய் எத்தனை பேருக்கு வருகிறது? ஜெர்மனியில் கொலோன் பகுதியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் விசாரித்து, 2001இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 3.2 பேர். முப்பதுகளில் 1.5, எழுபதைத் தாண்டினால் 6.5. அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் போட முடியாதுதான். ஆனால் நண்பன் நினைத்தது போல, உலகத்திலேயே தான் ஒருத்தன் மட்டும் என்பது இல்லை.

உள்ளே நடப்பது இது. உறுப்புக்குள் ரத்தம் நிரம்புகிற இரண்டு குழல்கள். அவற்றைச் சுற்றி, இழுத்தால் விரிகிற உறை. அந்த உறையில் எப்போதோ சின்னச் சின்ன அடி. பெரும்பாலும் உறவின்போது மடங்கியதால். பல பேருக்கு நினைவுகூட இருக்காது. எல்லோருக்கும் அது தானாக ஆறிவிடும். சிலருக்கு மட்டும், உடல்வாகு காரணமாக, ஆறும்போது தழும்பு கெட்டியாகத் தங்கிவிடுகிறது. விறைக்கும்போது மற்ற இடமெல்லாம் விரியும், தழும்பு விரியாது. அதனால் அந்தப் பக்கமாக வளைவு.

இன்னொன்று: பிறவியிலிருந்தே லேசாக வளைந்திருப்பவர்கள் ஏராளம். வலி இல்லை, கட்டி இல்லை, புதிதாக மாற்றம் இல்லை என்றால் அது நோயே இல்லை. இதைப் படித்துவிட்டு ஸ்கேலை எடுக்க வேண்டாம்.

ட்ராக்ஷன் முதல் தையல் வரை

இந்த நோய்க்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வலி இருக்கும், வளைவு மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை போகலாம். இரண்டாவது கட்டத்தில் வளைவு ஒரே நிலையில் நின்றுவிடும். வலி பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடுகிறது. வளைவு அப்படி இல்லை. தானாக நேராகிறவர்கள் குறைவு. அப்படியே நிற்கிறவர்களும் அதிகமாகிறவர்களும்தான் மிச்சம் எல்லோரும்.

முதல் கட்டத்தில் வலிக்கு மாத்திரை. கூடவே இழுவைக் கருவி. கழுத்து வலிக்கு ட்ராக்ஷன் போடுகிறார்களே, அதே தத்துவம். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடிதான் போட வேண்டும். பல காலமாகக் கொடுத்துவந்த வைட்டமின் ஈ மாத்திரையால் பலனில்லை, கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க யூராலஜி சங்கம் 2015லேயே சொல்லிவிட்டது. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் குறைக்கும், வளைவை நிமிர்த்தாது.

தழும்பைக் கரைக்க ஒரு ஊசி உண்டு. கொலாஜினேஸ் என்று பெயர். அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அனுமதித்தார்கள். சோதனையில் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது. வெறும் டம்மி ஊசி போட்டவர்களுக்கும் 18 சதவீதம் குறைந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு உறுப்பின் உறை கிழிகிற அபாயமும் உண்டு. பழக்கப்பட்ட கைதான் போட வேண்டும்.

ஆபரேஷன் கடைசியில்தான். நோய் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருஷமாகி, கடைசி மூன்று மாதமாவது வளைவு மாறாமல் நின்றிருக்க வேண்டும். தையல்காரர் பேன்ட்டைப் பிடித்துத் தைப்பது போல, நீளமான பக்கத்தைப் பிடித்துத் தைப்பது ஒரு முறை. நேராகும், நீளம் கொஞ்சம் குறையும். தழும்பை வெட்டி ஒட்டுப்போடுவது இன்னொன்று. இதில் விறைப்பும் உணர்ச்சியும் குறைகிற வாய்ப்பு கூடுதல். விறைப்பே இல்லாமல், மாத்திரைக்கும் மசியாதவர்களுக்கு உள்ளே செயற்கைக் குழல் வைப்பது மூன்றாவது.

விறைப்புக் குறைவும் இந்த நோயோடு சேர்ந்தே வரலாம். அதற்கு 1998இல் வந்த சில்டெனாஃபில் வகை மாத்திரைகள் உதவும். ஆனால் டாக்டர் சீட்டோடு மட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். 'ஃப்ரெண்ட் கொடுத்தான்' என்று விழுங்குகிற வீரர்கள் கவனிக்க.

உறவின்போது 'டப்' என்று சத்தம் கேட்டு, விறைப்பு சட்டென்று போய் வீங்கினால், அல்லது விறைப்பு நாலு மணி நேரமாகியும் அடங்காவிட்டால், வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

எல்லாம் சொல்லி முடித்து, டாக்டர் கேட்டார்: "வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

நண்பன் மறுபடி தரையைப் பார்த்தான்.

"தம்பி, இந்த நோய் வந்தவங்கள்ல பாதிப்பேருக்கு மனச்சோர்வு இருக்குன்னு 2008லயே ஆராய்ச்சி சொல்லுது. வளைவைவிட அது கொடுமை. இன்னிக்கே சொல்லிடுங்க. அதுதான் முதல் மாத்திரை."

ஒரு பிறந்த நாள் பலூன்

அடுத்த திங்கட்கிழமை நண்பன் சொன்னது இது.

வீட்டுக்குப் போனானாம். எப்படி ஆரம்பிப்பது? பையனின் பிறந்த நாளுக்கு வாங்கி மிச்சமிருந்த நீள பலூன் ஒன்று ஷெல்ஃபில் கிடந்தது. பையன் தூங்கிய பிறகு, அதில் ஒரு பக்கம் செல்லோடேப் துண்டை ஒட்டி, மனைவி எதிரே உட்கார்ந்து ஊதினானாம். டேப் ஒட்டிய பக்கமாக பலூன் வளைந்தது.

"என்னங்க இது, நடு ராத்திரியில?"

"இதான்ம்மா எனக்கு."

ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அந்தம்மா பலூனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாராம். "நாலு மாசமா நான் என்னென்னமோ நினைச்சு செத்துக்கிட்டிருந்தேனே... இவ்வளவுதானா? வலிக்குதா?" என்று கேட்டாராம்.

"அந்த 'வலிக்குதா'ங்கிற ஒரு வார்த்தைக்கு, பதினெட்டாயிரம் ரூபா லேகியம் ஈடாகாதுடா" என்றான்.

அடுத்த தடவை டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனார்கள். நான் தப்பித்தேன். அவசரப்படக் கூடாது, வழவழப்புக்கு ஜெல் உபயோகிக்க வேண்டும், வளைவை அழுத்தி மடக்குகிற நிலைகளைத் தவிர்க்க வேண்டும், வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், நெருக்கம் என்பது அது ஒன்று மட்டுமில்லை என்று அவர் சொன்னதை, அந்தம்மாதான் நோட்டில் எழுதிக்கொண்டாராம். சர்க்கரைக்கு மாத்திரை, தினம் நடை. டாக்டர் சிகரெட்டையும் விடச் சொல்லிவிட்டார்.

இப்போது? ஆறு மாசத்தில் வலி போய்விட்டது. வளைவு போகவில்லை. 35 டிகிரியில் நின்றுவிட்டது. உறவுக்கு இடைஞ்சல் இல்லாததால் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். "பழைய பேலன்ஸ் இல்லடா. ஆனா கணக்கு டேலி ஆயிடுச்சு" என்கிறான். ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறான்.

போன வாரம் டீக்கடையில் மறுபடி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "மாப்ளே, ஒரு விஷயம்... சிரிக்கக் கூடாது."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "என்னடா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஐயாயிரம் கைமாத்தா..."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக, சந்தோஷமாக எண்ணிக் கொடுத்தேன்.