மக்காச்சோள அறுவடை: கையா, இயந்திரமா?

தருமபுரி மாவட்டத்தில் ஆடிப்பட்டத்து மக்காச்சோளம் முற்றுகிற சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் பிடிக்கிறது. ஆள் கிடைக்காத தவிப்பில், ஏக்கருக்கு வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு அறுவடை வண்டியை இறக்குவோர் உண்டு. வாடகையோடு வயல், மாடு, மணியின் ஈரம் மூன்றையும் கணக்கில் எடுத்தால்தான் உழைப்பு வீணாகாது.

எப்போது அறுப்பது?

கதிரின் மேலுறை வெளுத்துக் காய வேண்டும். ஒரு மணியைப் பெயர்த்து அடிமுனையைச் சுரண்டுங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் மணி முற்றிவிட்டது. அதற்கு மேல் எடை ஏறாது. ஆனால் ஈரம் நிறைய இருக்கும். அது 20 முதல் 25 சதவீதத்துக்கு இறங்கிய பின் அறுப்பது நல்லது.

கையால் ஒடித்தால்

கறவை மாடு வைத்திருப்பவருக்கும், கல்வரப்பு போட்ட துண்டு நிலக்காரருக்கும் இதுவே பொருத்தம். தட்டை முழுசாகத் தீவனத்துக்குக் கிடைக்கும். பூஞ்சாணம் பிடித்த கதிரை அப்போதே ஒதுக்கலாம். கூலிச் செலவு கூடுதல்தான். ஆனாலும் கதிரை ஒடித்துக் களத்தில் காயவைத்து, டிராக்டரில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரத்தில் போட்டால், ஆள் தேவை பாதி வேலையோடு நின்றுவிடும்.

இயந்திரம் இறக்கினால்

சமமான, பெரிய வயலில் ஒரே ஓட்டத்தில் மணி கைக்கு வந்துவிடும். ஆனால் தட்டை நொறுங்கிப்போகும். சாய்ந்த பயிரில் கதிர் தவறும். மணி மிக ஈரமாக இருந்தால் உடையும். நிலம் சேறாக இருந்தால் டயர் வண்டியைவிட செயின் வண்டி நல்லது. மக்காச்சோளத்துக்கான முகப்பு பொருத்திய வண்டிதானா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முதல் சால் ஓடியதும் வண்டியை நிறுத்தி, ஒரு சதுர மீட்டரில் சிந்திய மணிகளை எண்ணுங்கள். அதில் கிடக்கும் ஒவ்வொரு மணியும் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ நட்டம். 40 மணி கிடந்தால், 2025-26 ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,400 ரூபாய்க் கணக்கில் 960 ரூபாய் மண்ணில் கிடக்கிறது. வேகத்தைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

காயவைப்பதில்தான் விலை

நாமக்கல் கோழித்தீவனத்துக்குப் போகும் சரக்கில் ஈரம் அதிகமானால் பூஞ்சாணமும் அஃப்ளாடாக்சின் நஞ்சும் வரும். இருப்பு வைக்க 12 சதவீதம் வரை காயவைக்க வேண்டும். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ, அப்படிக் காய்ந்தால் 91 கிலோதான் நிற்கும். விலை பேசும்போது இந்தக் கழிவையும் சேர்த்துப் பேசுங்கள். எந்த முறையில் அறுத்தாலும் தார்ப்பாய் முன்பே தயாராக இருக்கட்டும்.

சிறு நிலக்காரர்கள் தனித்தனியே வண்டி தேடி அலைய வேண்டாம். அக்கம்பக்கத்தார் பேசிவைத்து ஒரே வாரத்தில் விதைத்தால், கதிரடிக்கும் இயந்திரத்தைச் சேர்ந்து வரவழைக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் பதியலாம். இந்தப் பேச்சை அறுவடைக்கு அல்ல, விதைப்புக்கு முன்பே தொடங்குங்கள்.