ரொட்டிக் காவலர் ‘லார்டு’ ஆன கதை

‘ரெயின்கோட்’ என்ற ஆங்கிலக் கூட்டுச்சொல்லை யாரும் எளிதில் பிரித்துவிடுவார்கள். ஆங்கிலேயர் ஒரே அசையில் உச்சரிக்கும் ‘லார்டு’ம் ஒரு கூட்டுச்சொல்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹ்லாஃப்வெஆர்ட்’. ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி, ‘வெஆர்ட்’ என்றால் காவலர். வீட்டாருக்கும் ஏவலருக்கும் சோறு போடுபவரே தலைவர். ‘லேடி’யின் மூலமான ‘ஹ்லேஃப்டியே’வுக்கு ரொட்டி மாவு பிசைபவள் என்று பொருள்.

இவ்வளவு நீண்ட சொல் எப்படித் தேய்ந்தது? பழைய ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில் விழும். பின்னுள்ள அசைகள் மெலியும், உயிரொலிகள் மங்கும், நடுவிலுள்ள மெய்கள் உதிரும். கூட்டின் ஒரு பாதி தனிச்சொல்லாக வழக்கொழிந்தால் இணைப்பே கண்ணில் படாது. மூக்குத்துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ அப்படிப்பட்டது. ‘துளை’ என்று பொருள்பட்ட பழைய ‘திர்ல்’ அதன் வாலில் மட்டும் தங்கியிருக்கிறது.

சில கூட்டுகள் வெளியிலிருந்து வந்தவை. ‘விண்டோ’, இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழிச் சொல்லான ‘விண்டவுகா’. பொருள், காற்றின் கண். ஜன்னல் அன்று கண்ணாடியில்லாத வெறும் திறப்பு. டேனிஷ் மொழியில் இன்றும் ஜன்னலுக்கு இதே மூலத்துச் சொல்தான்.

‘வேர்ல்டு’ இன்னும் ஆழத்துக்கு இழுத்துச் செல்கிறது. ‘வெர்’ என்றால் ஆண். அதனுடன் ‘காலம்’ என்ற பொருளுடைய சொல் சேர்ந்து, மனிதனின் காலம், பிறகு உலகம் என்றானது. ஓநாய் மனிதனான ‘வேர்வுல்ஃப்’பிலும் அதே ‘வெர்’ உண்டு. லத்தீனின் ‘விர்’, சமஸ்கிருதத்தின் ‘வீர’ இரண்டும் அதன் உறவுகள். திராவிட மொழியான தமிழுக்கு ‘வீரன்’ சமஸ்கிருதம் வழியே வந்தது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று 1786இல் மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் உரையாற்றினார். அந்தக் கருத்து இவ்வகைத் தேடலுக்குப் பெரும் உந்துதல் தந்தது.

ஆனால் காதுக்கு ஒத்துப்போவது சான்றாகாது. நன்னீர் இறால் போன்ற ‘கிரேஃபிஷ்’ஷில் ‘ஃபிஷ்’ கேட்கிறது. உண்மையில் அது ‘கிரெவிஸ்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல். பழகிய ‘ஃபிஷ்’ஷாக எண்ணி மக்கள் அதைத் திரித்துவிட்டார்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் சுவடிகளில் சொல் மாறிவந்த வடிவங்களை வரிசைப்படுத்துகிறார்கள். உறவு மொழிகளில் ஒலிகள் ஒழுங்காக ஒத்துவருகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். இரண்டிலும் தேறிய பிறகே ஒரு சொல்லுக்கு வேர் சொல்வது நியாயம்.